டவுன்லோடு போட்டால் நெட் போய்விடுகிறது: புது ரவுட்டர் வாங்கும் முன்

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. கம்பெனிக்காரர்கள் கொடுத்த ரவுட்டர்தான். வாட்ஸ்அப், யூடியூப் என்று பார்க்கும்வரை ஒரு குறையும் இல்லை. பையன் கம்ப்யூட்டரில் 60, 70 ஜிபி கேம் இறக்க ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் வீடு முழுக்க நெட் போய்விடுகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் வருகிறது, மறுபடியும் போகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். புது ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்:

ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதனால் இன்றைக்கு வாங்காதீர்கள். "நெட் போய்விடுகிறது" என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவது நான்கு வெவ்வேறு கோளாறுகளை. ரவுட்டருக்கே கரண்ட் போதாமல் அது ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம். ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்க, வைஃபை மட்டும் விழுந்திருக்கலாம். வைஃபை நன்றாக இருக்க, தெருவிலிருந்து வரும் ஃபைபரில் தொடர்பு விட்டிருக்கலாம். நான்காவதுதான் குழப்பமானது: எதுவுமே அறுந்திருக்காது, எல்லா விளக்கும் பச்சையாக எரியும், ஆனால் டேட்டா வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கும். நான் பதினைந்து வருடமாக ஆபீஸ்களிலும் தெரிந்தவர் வீடுகளிலும் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். டவுன்லோடு போடும்போது மட்டும் போகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த நான்காவதைத்தான்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். நெட் போனதும் ஓடிப்போய் ரவுட்டரை அணைத்துப் போடாதீர்கள். அணைத்துப் போட்டால் மேலே சொன்ன நான்கும் தற்காலிகமாகச் சரியாகிவிடும். சூடு தணியும், வரிசை காலியாகும், வைஃபை புதிதாகத் தொடங்கும், லைன் மறுபடி பதிவாகும். கூடவே பல பெட்டிகளில், நடந்ததை ரவுட்டர் எழுதிவைக்கும் லாக் என்ற குறிப்பும் அழிந்துவிடும். திருடு போன வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போலீசைக் கூப்பிடுகிற கதைதான். அடுத்த முறை போகும்போது இரண்டு நிமிடம் பொறுத்து, பெட்டியின் முன்னால் போய் நின்று பாருங்கள்.

விளக்குகள் எல்லாம் ஒரு கணம் அணைந்து ஒவ்வொன்றாக மறுபடி எரிகின்றனவா? அப்படியென்றால் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிகிறதா, அல்லது பான் என்ற விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டுகிறதா? அது ஃபைபர் பக்கம். எதுவுமே மாறாமல் அப்படியே இருக்கிறதா? அப்போது வைஃபை அல்லது வரிசை.

நீங்கள் பார்ப்பதற்குள் ரீஸ்டார்ட் முடிந்துவிட்டால்கூடக் கண்டுபிடிக்கலாம். பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால், அல்லது பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எண்ணைத் தட்டினால், ரவுட்டரின் பக்கம் வரும். அதில் ஸ்டேட்டஸ் அல்லது டிவைஸ் இன்ஃபோ என்ற இடத்தில் அப்டைம் என்று ஒன்று இருக்கும், பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதற்கான கணக்கு அது. நேற்றிலிருந்து நீங்கள் கை வைக்காத பெட்டியில் அப்டைம் 12 நிமிடம் என்று இருந்தால், அது தானாகவே செத்துப் பிழைத்திருக்கிறது. சில பெட்டிகளில் இன்டர்நெட் தொடர்புக்கென்று தனியாக இன்னொரு நேரம் காட்டும். முதல் நேரம் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால் பெட்டி விழவில்லை, லைன் விழுந்திருக்கிறது.

அடுத்தது பிங். ஒரு எண்ணுக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை இது. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் ஜன்னல் இரண்டு திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ரவுட்டரின் எண்ணுக்கு, இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்கு, பிங் கட்டளையின் கடைசியில் கோடு போட்டு டி (-t) சேர்த்து ஓடவிடுங்கள். டி சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். கேம் இறங்கும் கம்ப்யூட்டரில் இதைச் செய்யாதீர்கள், வேறொரு லேப்டாப்பில் செய்யுங்கள். கேம் இறங்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் ஃபைலைச் சுருக்கத்திலிருந்து விரித்து டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கம்ப்யூட்டரே திணறி, அதில் மட்டும் நெட் போன மாதிரி தெரியும்.

சும்மா இருக்கும்போது ரவுட்டருக்குப் போய்வர வைஃபையில் இரண்டு முதல் ஐந்து மில்லிசெகண்டும், கூகுளுக்கு இருபது முப்பது மில்லிசெகண்டும் ஆகும். எண் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை, மாறாமல் இருக்கிறதா என்பதுதான் விஷயம். இப்போது பையனை டவுன்லோடு போடச் சொல்லுங்கள். ரவுட்டருக்குப் போகும் பிங்கே தடுமாறினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள், பெரும்பாலும் வைஃபையில். ரவுட்டர் வரை அதே மூன்று மில்லிசெகண்டு, கூகுளுக்கு மட்டும் முப்பது முந்நூறாகி, மூவாயிரமாகி, பிறகு டைம்அவுட் என்று வந்தால் அது வரிசை. ஏறவே ஏறாமல், முப்பது முப்பது என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் லைன் அறுந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ரீஸ்டார்ட் ஆகிறது என்று தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், அதுதான் மலிவான கோளாறு. ரவுட்டரின் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர். இரண்டு மூன்று வருடம் இரவும் பகலும் சொருகியே கிடந்தால் அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் காய்ந்து போகும். சும்மா இருக்கும்போது ரவுட்டர் கேட்கிற கரண்ட்டைக் கொடுத்துவிடும். டவுன்லோடு வேகமாக ஓடும்போது பிராசசரும் வைஃபை ரேடியோவும் சேர்ந்து அதிகம் இழுக்கும், அப்போது வோல்டேஜ் சரியும், பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். இதை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறேன் என்று எலக்ட்ரீஷியன் அடாப்டரைக் கழற்றி முனையில் வைத்துப் பார்ப்பார். 12.1 என்று அழகாகக் காட்டும். சுமை இல்லாதபோது காட்டும் வோல்டேஜுக்கு இங்கே மதிப்பில்லை. வேறு நல்ல அடாப்டரைப் போட்டு ஒரு இரவு டவுன்லோடு ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை. மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதிகமாக இருந்தால் தப்பில்லை, குறையக் கூடாது. பின் அளவும், நடுவில் பாசிட்டிவா என்கிற குறியும் பொருந்துகிறதா என்று லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதிலேயே இன்னொரு ஆசாமி உண்டு, மினி யூபிஎஸ். கரண்ட் போனாலும் நெட் போகக் கூடாது என்று இப்போது பல வீடுகளில் அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. கோவையில் என் மச்சான் வீட்டில் இதேதான் நடந்தது. ராத்திரி டவுன்லோடு போட்டால் பெட்டி ரீஸ்டார்ட். அடாப்டர் மாற்றியாகிவிட்டது, கம்பெனிக்காரர்கள் வந்து ரவுட்டரையே மாற்றிவிட்டார்கள், புதியதும் அதேபோல் விழுந்தது. நான் போனபோது டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டேன், யூபிஎஸ் கையில் பட்டது, இட்லிச் சட்டி மாதிரி சூடு. அதைக் கழற்றி ரவுட்டரை நேராக ஸ்விட்ச் போர்டில் சொருகினேன். அவ்வளவுதான், அன்றைக்கு இரவு 90 ஜிபி ஒருமுறைகூட விழாமல் இறங்கியது. யூபிஎஸ்ஸைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த செல்களில் ஒன்று செத்துப்போயிருந்தது. உங்கள் வீட்டில் அது இருந்தால் வேறு எதையும் யோசிக்கும் முன் அதைக் கழற்றிப் பாருங்கள்.

சூடும் இதே வகைதான். செட்டாப் பாக்ஸ் மேல் ரவுட்டர், அதன் மேல் தூசி படியாமல் இருக்க ஒரு பூ வேலைப்பாட்டுத் துணி என்று வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கத்திரி வெயில் நேரத்தில் மாடி அறையின் பரணில் வைத்தால் சொல்லவே வேண்டாம். சோதிப்பது சுலபம்: ஒரு டேபிள் ஃபேனை ரவுட்டருக்கு நேராகத் திருப்பி வைத்து ஒரு மணி நேரம் டவுன்லோடு போடுங்கள். விழவில்லை என்றால் காரணம் சூடுதான். அப்புறம் ஃபேன் வேண்டாம், காற்றுப் படும்படி சுவரில் செங்குத்தாக மாட்டினாலே போதும்.

வைஃபை பக்கம் வருவோம். கம்ப்யூட்டரை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேராக இணைத்து அதே டவுன்லோடைப் போடுங்கள். கோளாறு காணாமல் போனால் காரணம் வைஃபை. கேபிள் வாங்கச் சோம்பல்படாதீர்கள், 200 ரூபாய்க்குள் நல்ல கேட்-6 கேபிள் கிடைக்கும்.

வைஃபையில் வீடு முழுக்க ஏன் பாதிக்கிறது என்பதற்குக் காரணம் காற்று எல்லாருக்கும் பொது என்பதே. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பையனின் அறை வீட்டுக் கோடியில், நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ என்று வையுங்கள். அங்கே சிக்னல் பலவீனமானதால் அந்தக் கம்ப்யூட்டர் குறைந்த வேகத்தில்தான் பேசும். அதே அளவு டேட்டாவை வாங்க, ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் போனைவிடப் பல மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஃபைபரில் 100 எம்பிபிஎஸ் வந்தாலும் அந்த அறைக்கு 15 எம்பிபிஎஸ்தான் போகும். மீதி ரவுட்டரில் தேங்கும், ஹாலில் வீடியோ காலில் இருக்கும் நீங்களும் அந்தத் தேக்கத்துக்குப் பின்னால் நிற்பீர்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு கேபிள் இழுத்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் நெட் வேகமானது போல இருக்கும். வீடு முழுக்கப் பல வைஃபை பெட்டிகள் வைக்கும் மெஷ் வாங்குவதைவிட இது எவ்வளவோ மலிவு.

2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு வைஃபை தெரிந்தால் 5-இல் சேருங்கள். அபார்ட்மென்ட்டில் 2.4 என்பது சந்தைக்கடை. அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான், பக்கத்து வீடுகள் இருபதும் அந்த மூன்றில்தான் உட்கார்ந்திருக்கும்.

நம்பக் கடினமான ஒரு விஷயம் இங்கே உண்டு. டவுன்லோடு நேராக வெளியில் சொருகிய யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கில் இறங்குகிறதா? யூஎஸ்பி 3 கேபிளில் டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆக, டவுன்லோடு தொடங்கினால் டிஸ்க் எழுத ஆரம்பிக்கும், டிஸ்க் எழுத ஆரம்பித்தால் லேப்டாப்பின் வைஃபை காது அடைக்கும். டவுன்லோடு நின்றால் எல்லாம் சரியாகும். ஒரு நண்பர் இதற்காக மூன்று மாதம் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். டிஸ்கை நீளமான கேபிளில் லேப்டாப்பை விட்டுத் தள்ளி வைத்தோம், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம், தீர்ந்தது. இது அந்த ஒரு லேப்டாப்பை மட்டும்தான் பாதிக்கும். வீடு முழுக்கப் போகிறது என்கிற உங்கள் கதைக்கு இது பொருந்தாது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். உங்கள் பிரச்சினை இதுவாக இருக்கும் என்பதுதான் என் ஊகம்.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் பாதையில் எங்கே குறுகலோ அங்கே பாக்கெட்டுகள், அதாவது டேட்டாவின் சின்னச் சின்னத் துண்டுகள், காத்திருக்கும். அவை காத்திருக்க ஒவ்வொரு கருவியிலும் பஃபர் என்ற இடம் உண்டு. மெமரி மலிவானதும் தயாரிப்பாளர்கள், பாக்கெட் ஒன்றுகூட விழக் கூடாது என்று இந்த இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. டவுன்லோடை நடத்தும் டிசிபி என்பது, பாக்கெட் விழும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், விழுந்ததும் குறைக்கும். வழக்கமான டிசிபிக்குப் பாக்கெட் விழுவதுதான் சிவப்பு விளக்கு. பஃபர் பெரிதாக இருந்தால் பாக்கெட் சீக்கிரத்தில் விழாது, வரிசை நீண்டுகொண்டே போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு எம்பி பஃபர் என்பது 8 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் லைனில் அது காலியாக 80 மில்லிசெகண்டு, கவலையில்லை. அதே பஃபர் 10 எம்பிபிஎஸ் அப்லோடு லைனில் 0.8 விநாடி. 1 எம்பிபிஎஸ் என்றால் 8 விநாடி. விண்டோஸின் பிங் நான்கு விநாடிதான் காத்திருக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் டைம்அவுட் என்று எழுதிவிடும். எட்டாவது விநாடியில் வந்து சேரும் பாக்கெட்டை யாரும் பார்ப்பதில்லை. நெட் போய்விட்டது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

இதன் வேர் பழையது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, 400 கஜ தூரம்தான், 32 கிலோபிட்டாக இருந்த வேகம் விநாடிக்கு 40 பிட்டாக விழுந்தது. கம்பி எதுவும் அறவில்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் வேகத்தைக் கூட்டியதால் வந்த நெரிசல். வேன் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் குடைந்து பார்த்து 1988-இல் டிசிபிக்குத் தீர்வு எழுதினார். இருபத்திரண்டு வருடம் கழித்து ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு லைனில் பெரிய ஃபைல்களை அனுப்பும்போதெல்லாம் தாமதம் விநாடிக் கணக்கில் ஏறுவதைக் கவனித்தார். பஃபர்ப்ளோட் என்று இதற்குப் பெயர் வைத்தவர் அவர்தான். பஃபர் வீங்கிப் போவது என்று பொருள். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்து, அதிகமானால் வேண்டுமென்றே ஒன்றைக் கீழே போட்டு அனுப்புபவருக்குச் சிவப்பு விளக்கு காட்டுவது.

டவுன்லோடுதானே, அப்லோடு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இறங்கும் ஒவ்வொரு இரண்டு பாக்கெட்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்று ஒரு சின்ன ரசீது மேலே போக வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸில் விநாடிக்கு 8,300 பாக்கெட் இறங்கும், சுமார் 4,100 ரசீது மேலே போகும், அதற்கே ஏறத்தாழ 2 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். மேலேயும் 100 கொடுக்கும் ஃபைபர் திட்டத்தில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் அப்லோடு குறைவான திட்டமாக இருந்து, அதே நேரம் வீட்டில் நான்கு போன்கள் கல்யாண ஆல்பம், ஸ்கூல் விழா வீடியோ என்று கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிக்கொண்டிருந்தால் ரசீதுகள் அந்த வரிசையில் மாட்டும். போன்கள் சார்ஜில் இருக்கும்போது வைஃபையில் பேக்கப் ஓடுவதை யாரும் கவனிப்பதில்லை. பையன் மேல் பழி விழும்.

வரிசை நீண்டால் அடுத்தடுத்து நடப்பவை நெட் அறுந்த மாதிரியே இருக்கும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் நேரத்துக்கு வராது, அதனால் எந்தப் பக்கமும் திறக்காது. ஆண்ட்ராய்டு போன் அவ்வப்போது கூகுளைத் தொட்டுப் பார்த்து நெட் இருக்கிறதா என்று சோதிக்கும். பதில் தாமதமானால் வைஃபை குறியில் ஆச்சரியக்குறி போட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிபிபிஓஇ என்ற முறையில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் லைன்களில் இன்னொரு கூத்து. ரவுட்டர் சில விநாடிக்கு ஒருமுறை எதிர்முனையிடம் "இருக்கிறாயா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியும் வரிசையில் மாட்டி, தொடர்ந்து சில முறை பதில் வரவில்லை என்றால் ரவுட்டரே லைனைத் துண்டித்து மறுபடி இணைக்கும். அப்போது உண்மையிலேயே அறுந்துவிடும், காரணம் மட்டும் லைன் கிடையாது. லாகில் எல்சிபி எக்கோ, பிபிபி டிஸ்கனெக்ட் என்ற மாதிரி வரிகள் இருந்தால் நெரிசல்தானா என்று பாருங்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள, நெட் வேகத்தை அளக்கும் ஃபாஸ்ட்.காம் தளத்தைத் திறந்து சோதனை முடிந்ததும் மேலும் விவரம் காட்டும் பட்டனை அழுத்துங்கள். சும்மா இருக்கும்போது தாமதம் எவ்வளவு, சுமையோடு எவ்வளவு என்று இரண்டு எண் வரும். 15, 40 என்று வந்தால் பரவாயில்லை. 15, 600 என்று வந்தால் ஆள் சிக்கிவிட்டார்.

இதற்கு மருந்து, வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. செலவில்லாத வழியை இன்றைக்கே செய்து பாருங்கள். பையன் கேம் இறக்குவது ஸ்டீம் என்ற கேம் கடையிலிருந்து என்றால் அதன் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதியில் வேக வரம்பு வைக்கலாம். அங்கே கிலோபைட் கணக்கு கேட்கும், 10,000 என்று போட்டால் 80 எம்பிபிஎஸ். விண்டோஸ் அப்டேட்டுக்கும், டாரன்ட் மென்பொருள்களுக்கும் இதேபோல் வரம்பு உண்டு. வரம்பு வைத்ததும் நெட் விழுவது நின்றுவிட்டால் கோளாறு இன்னதென்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். 70 ஜிபி கேம் 100 எம்பிபிஎஸ்ஸில் சுமார் ஒன்றரை மணி நேரம், 80-இல் இரண்டு மணி நேரம். அரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மென்பொருளிலும் இப்படி வைத்துக்கொண்டிருக்க முடியாது என்றால் ரவுட்டரிலேயே செய்ய வேண்டும். கம்பெனி கொடுக்கும் பெட்டிகளில், எதற்கு முன்னுரிமை என்று சொல்லும் க்யூஓஎஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், பெரும்பாலும் அலங்காரத்துக்கு. வேண்டியது வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் என்ற வசதி. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட முடிகிற ரவுட்டர்களில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே எஃப்க்யூ-கோடெல், கேக் என்று இரண்டு முறைகள் உண்டு, கேக்கைத் தேர்ந்தெடுங்கள். லைன் வேகத்தில் 85 முதல் 95 சதவீதம் வரை எண்ணாகக் கொடுக்க வேண்டும். கம்பெனி பக்கம் இருக்கும் வரிசையை நாம் தொட முடியாது. நம் பக்கம் கொஞ்சம் குறுக்கினால் வரிசை நம் பெட்டிக்குள் வந்துவிடும், அப்புறம் அதை நாம் ஒழுங்குபடுத்தலாம். கேம் டவுன்லோடு தனி வரிசை, உங்கள் வீடியோ கால் தனி வரிசை, முறை வைத்து இரண்டையும் விடும். ஆனால் இது ரவுட்டரின் பிராசசரைப் பிழியும். எஸ்க்யூஎம் போட்டதும் ஹார்டுவேர் குறுக்குவழி அணைந்துவிடும் என்பதால், மலிவான பெட்டி 100 எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சு வாங்கலாம்.

வரிசை மாதிரியே தெரிந்து வேறாக இருப்பது ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ ஓடுகிறது, டவுன்லோடும் ஓடுகிறது, ஆனால் புதிதாக எந்தப் பக்கமும் திறக்கவில்லை. இதற்கு நாட் அட்டவணை நிரம்பியது காரணமாக இருக்கலாம். வீட்டுக் கருவிகள் அத்தனையும் ஒரே எண்ணில் வெளியே போவதால், எந்தத் தொடர்பு யாருடையது என்று ரவுட்டர் ஒரு பேரேடு வைத்திருக்கும். பேரேட்டில் பக்கம் தீர்ந்தால் புதுக் கணக்கு எழுத முடியாது. பல ரவுட்டர்களின் உள்ளே ஓடும் லினக்ஸில் முடிக்காமல் விட்ட ஒரு டிசிபி தொடர்பை ஐந்து நாள் வரை வைத்திருப்பதுதான் இயல்பான அமைப்பு. டாரன்ட்தான் இதில் முதல் குற்றவாளி. க்யூபிட்டாரன்ட் என்ற டாரன்ட் மென்பொருளில் இயல்பாகவே 500 தொடர்பு வரை அனுமதி. அதை 100 அல்லது 150 ஆக்குங்கள். ஸ்டீம் மாதிரியான இடங்களிலிருந்து இறங்கும் கேம் இவ்வளவு தொடர்பு திறக்காது. அதனால் கேம் எங்கிருந்து இறங்குகிறது என்று பையனை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அதட்டாமல். ரவுட்டரின் இன்டர்நெட் எண் 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் கம்பெனியிலும் இதே மாதிரி இன்னொரு பேரேடு இருக்கிறது என்று அர்த்தம், அங்கே உங்கள் பங்கு தீர்ந்தாலும் இதேதான் நடக்கும்.

லைன் கோளாறைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு டவுன்லோடு வேண்டாம். யாரும் எதுவும் செய்யாத நேரத்திலும் அறும், மழை வந்தால் அறும், தெருவில் லாரி கேபிளைத் தட்டினால் அறும். பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் பக்கத்தில், ஆப்டிகல் என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும். ஃபைபரில் வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது, டிபிஎம் என்ற கணக்கில். மைனஸ் 15-லிருந்து மைனஸ் 25 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்பது வழக்கமான வீட்டு ஃபைபர் (ஜிபான்) பெட்டியின் விளிம்பு. மூன்று டிபிஎம் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிறது என்று பொருள், அதனால் 24-க்கும் 27-க்கும் உள்ள தூரம் பார்ப்பதற்குச் சின்னது போல இருந்தாலும் சின்னதில்லை. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் மெல்லிய கேபிளை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிச் சுருட்டி வைத்திருந்தால் தளர்த்திவிடுங்கள். பச்சை முனையை நீங்களே கழற்றித் துடைக்க வேண்டாம், கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே வேண்டாம். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத அலைவரிசையில் வரும். கஸ்டமர் கேரில் "நெட் ஸ்லோ" என்று சொன்னால் அணைத்துப் போடச் சொல்வார்கள். "ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 27.4, லைன்மேனை அனுப்புங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், ஆள் வருவார்.

இத்தனைக்கும் பிறகு ரவுட்டர்தான் மாற்ற வேண்டும் என்று தெரிந்தால், கம்பெனிப் பெட்டியைத் தூக்கிப்போட முடியாது, ஃபைபர் அதில்தான் முடிகிறது. ரவுட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடில் அதைப் போடச் சொல்லிவிட்டு, பின்னால் உங்கள் ரவுட்டரை வைக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள், ஓபன்டபிள்யூஆர்டி ஆதரிக்கும் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாடல் ஒன்றாக இருந்து வெர்ஷன் எண் மாறினால் உள்ளே சிப்பே மாறியிருக்கலாம், அதனால் ஸ்டிக்கரில் வி1, வி2 என்று போட்டிருப்பதையும் சரிபாருங்கள். பிரிட்ஜ் மோடுக்கு மாற்றும் முன் பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும். லேண்ட்லைன் போன் அந்தப் பெட்டியிலிருந்துதான் ஓடுகிறது என்றால் பிரிட்ஜ் போட்ட பிறகும் அது ஓடுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றிரவு ஸ்டீமில் 10,000 என்று வரம்பு போட்டு, பக்கத்தில் இரண்டு பிங் ஜன்னலையும் ஓடவிட்டுப் பாருங்கள். விழுந்தால் அப்டைமையும், விழுந்த நேரத்தில் இரண்டு ஜன்னல்களிலும் கடைசி பத்து வரிகளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.